சோறு தின்ற நாம்பன்

எனக்கு மாடு என்றால் பயம். நாய் என்றாலும் பயம், ஹைவேயில் கார் ஓட்டவும் பயம், ஆனால் மாட்டில் எனக்கு இருக்கிற பயம் அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். யாழ்ப்பாணத்தில் பிறந்துவிட்டு மாட்டுக்குப் பயமோ என்று நக்கல் அடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நான் வளர்ந்தது பட்டணத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம். பால் எங்கள் வீட்டுக்குப் போத்தலில்தான் வந்தது.

அப்படிப்பட்ட என்னிடம், போன வருடம் ஒரு பின்னேரம், பள்ளிக்கூடத்தால் வந்த மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "அம்மா, எனக்கொரு ஸ்டியர் கிடைக்கப் போகுது" என்றாள். அப்போதுதான் அவள் கார் பழகுகிற லைசென்ஸ் எடுத்திருந்தாள். நான் வேறென்னத்தை நினைப்பேன்?

"காருக்குப் பூட்டுற ஸ்டியரிங்கோ? உள்ளதுக்கு என்ன நடந்தது?"

அவள் சிரித்த சிரிப்பு, நாங்கள் குடியேறிய மல்வேர்னில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கும். "மாடு அம்மா! ஆம்பிளை மாடு. ஆனா... யூ நோ, ஃபிக்ஸ் பண்ணினது."

சோபாவில் படுத்திருந்த என் மனிசன் எழும்பி உட்கார்ந்தார். "நலமடிச்ச நாம்பன்!" என்றார். காயடித்த இளங்காளைக்கு ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது அவரும் என்னைப்போல மல்வேர்ன்காரர்தான், ஆனால் அவர் பிறந்தது ஊரில், தோட்டமும் மாடும் உள்ள வீட்டில். அந்தச் சொல்லைச் சொல்ல முப்பது வருடமாக அவருக்கு ஒரு சந்தர்ப்பம் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

விஷயம் இதுதான். மகளின் சிநேகிதி ஒருத்தி நகரத்துக்கு வெளியே, பண்ணை வேலை பழகுகிற பிள்ளைகளின் கமச் சங்கம் ஒன்றில் இருந்தாள். அங்கே பிள்ளைகள் ஒவ்வொருவரும் இலையுதிர் காலத்தில் ஒரு கன்றை எடுத்து, ஒரு வருடம் தீன் போட்டு, கயிற்றில் நடக்கப் பழக்கி, குளிப்பாட்டி, மயிர் சீவி, அடுத்த இலையுதிர் காலச் சந்தைக் கண்காட்சியில் நடுவருக்கு முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். அதன் பிறகு ஏலம். ஏலத்துக்குப் பிறகு இறைச்சிக்கடை. மிருக வைத்தியம் படிக்கப்போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பழக்கம் கிடையாதாம். எல்லாவற்றையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள், கடைசிச் சொல்லையும் மற்றச் சொற்களின் வேகத்திலேயே சொன்னாள்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. "பிறகு வெட்டுறதோ?" என்று கேட்டேன்.

"ஓம் அம்மா. அதுக்குத்தானே வளக்கிறது."

மனிசன் எழும்பித் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கப் போய்விட்டார். நான் வேண்டாம் என்றேன், படிப்புக் கெடும் என்றேன், மிதிச்சால் என்ன செய்வாய் என்றேன். மகள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கடைசியில், அவளுக்குத் தனியே ஓடுகிற லைசென்ஸ் கிடைக்கும்வரை அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

பண்ணை, ஸ்டீல்ஸ் தெருவைத் தாண்டி, மில்லிக்கன் பக்கத்துக் கடைப் பிளாசாக்கள் எல்லாம் முடிந்து, வீடுகள் குறைந்து, சோளக்காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. பண்ணைக்காரி உயரமான, அதிகம் பேசாத ஒரு வெள்ளைக்காரி. தன் கொட்டிலில் ஒரு பக்கத்தை மகளுக்கு விட்டிருந்தாள். கன்று கறுப்பு. கன்று என்றுதான் சொன்னார்கள். என் இடுப்பளவு உயரத்தில் நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தது. அன்றைக்கே கொட்டில் வாசற் படலைக்கு இங்காலே நிற்பது என்று முடிவெடுத்தேன். காரின் திறப்பைக் கையிலிருந்து விடவில்லை.

மகள் கன்றுக்கு ஒரு பெயர் வைத்தாள். அந்தப் பெயரை நான் சொன்னதில்லை, இங்கே எழுதவும் மாட்டேன். எனக்கு அவன் 'அவன்'தான்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் போவோம். சோளமும் பார்லியும் கலந்த தீனைத் தராசில் நிறுத்துப் போடுவாள், காய்ந்த புல்லை உதறிப் போடுவாள், தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவாள். சோளத்தைக் கூட்டுவதென்றால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டுமாம், ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு குழம்பிவிடுமாம். அவன் வளர்ந்தான். பனி விழுந்தபோது என் நெஞ்சளவு, பனி கரைந்தபோது எங்கள் காரைவிட அகலம் என்று எனக்குப் பட்டது. மூக்கணாங்கயிறுகூடக் கிடையாது. முகத்தில் ஒரு தோல் வார், அதில் ஒரு கயிறு, கயிற்றின் மற்ற முனையில் என் பிள்ளை. இந்த நாட்டில் காருக்கு இத்தனை சட்டம் வைத்திருக்கிறார்கள், இதற்கு ஒன்றும் இல்லையா என்று நான் வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

வசந்த காலத்தில் ஒரு நாள் காற்று அடித்து, கொட்டிலின் பக்கத்தில் கட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் படங்கு படபடத்தது. அவன் வெருண்டு பாய்ந்தான். மகள் கயிற்றை விடவில்லை. சேற்றில் விழுந்து, வயிற்றால் இழுபட்டுக்கொண்டு போனாள். நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது, தொண்டை மட்டும் இரண்டு நாளாகக் கட்டியிருந்தது. வேலி வந்ததும் அவன் நின்றான். அவள் எழும்பி, முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, கத்தாதேங்கோ. அவன் பயப்பிடுறான்."

அவன் பயப்படுகிறானாம்! எனக்கு வந்த கோபத்தில் காருக்குள் போயிருந்து அழுதேன். அன்றிலிருந்து அவள் பண்ணையில் நிற்கிற நேரம் முழுக்க அந்தக் கயிற்றை விட்டு என் கண் நகராது. நித்திரையிலும் அந்தக் கயிறுதான் வரும்.

மனிசனுடைய கதை வேறு. ஞாயிறு தவறாமல் தன் காரில் வருவார். அவனுடைய காதுக்குப் பின்னால் சொறிந்து, யாழ்ப்பாணத் தமிழில் ஊர்ப்புதினம் எல்லாம் சொல்லுவார். அவனும் கழுத்தை நீட்டிக் கொடுப்பான். அவருக்கு இருந்த ஒரே மனக்குறை சாப்பாடு. "வாயில்லாச் சீவன். ஒவ்வொரு நாளும் காஞ்ச சோளம். ஒரு வாய் கஞ்சி காட்டினால் என்ன?" என்பார்.

"அப்பா, ஒண்டும் குடுக்கக் கூடாது," என்பாள் மகள். "ஒண்டும் எண்டால் ஒண்டும்."

"சரி சரி" என்பார். மனிசன் எதற்கும் சரி என்கிறவர்தான்.

கோடை முடிய, கண்காட்சிக்கான கடைசி ஆயத்தம் தொடங்கியது. நாள் தவறாமல் குளிப்பாட்டு. பிறகு பெரிய காற்றூதி ஒன்றால் மயிரை உலர்த்தி, கீழிருந்து மேலாகச் சீவி, பஞ்சுபோல நிமிர்த்திவிட வேண்டும். நுனியில் கொக்கி வைத்த நீளக் கம்பு ஒன்றால் காலைத் தொட்டுத் தொட்டுச் சரியாக நிற்க வைப்பாள், அதே கம்பால் வயிற்றைச் சொறிந்து ஆறுதல்படுத்துவாள். என் தலைமயிரை அவள் ஒரு நாளாவது சீவிவிட்டிருப்பாளா? ஒரு நாள் பண்ணைக்காரி அவனுடைய விலாவில் கையை வைத்து அமத்திப் பார்த்துவிட்டு, 'ஃபினிஷ்' நன்றாக வந்திருக்கிறது என்றாள். கொழுப்பு அளவாகப் படிந்திருக்கிறது என்பதற்கு அவர்கள் சொல்கிற சொல் அது. எங்கள் வாயில் 'ஃபினிஷ்' என்றால் ஆள் முடிந்தது என்று அர்த்தம்.

கண்காட்சிக்கு முந்திய சனிக்கிழமை. புரட்டாதிச் சனி. என் மனிசன் விரதம். விடிய எழும்பிக் கோயில் மடைப்பள்ளிக்கு உதவிக்குப் போய்விட்டார். நாங்கள் மத்தியானத்துக்குப் பிறகு பண்ணைக்குப் போனபோது அவருடைய கார் எங்களுக்கு முன்னாலேயே அங்கே நின்றது. தண்ணீர்க் குழாயடியில் நின்று இரண்டு பெரிய வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"கோயில் சோறு மிஞ்சிப்போச்சு. கொட்டப் பாத்தாங்கள், நான் விடேல்லை," என்றார். "சனிக்கிழமையில மாட்டுக்கு அன்னம் குடுக்கிறது எவ்வளவு புண்ணியம் தெரியுமே? பத்து மணிக்கே கொண்டந்தனான், வயிறாறத் திண்டான்."

மகள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். "எவ்வளவு?"

"இந்த ரெண்டு வாளியும்தான்."

"அப்பா!"

"சோறு பிள்ளை! கல்லே குடுத்தனான்?"

அவள் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன், படலைவரைக்கும். அவன் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். இடது பக்க வயிறு முதுகுக்கு மேலாகப் புடைத்திருந்தது. பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்தான். மகள் அந்தப் புடைப்பில் விரலால் சுண்டினாள். மத்தளச் சத்தம் கேட்டது.

பண்ணைக்காரி வந்து பார்த்துவிட்டு உடனேயே மிருக வைத்தியருக்குப் போன் அடித்தாள். அவர் வந்துகொண்டிருக்கிறார், அதுவரை இவனைப் படுக்க விடக் கூடாது, முன்கால் மேட்டில் நிற்கிறமாதிரிப் பிடித்துக்கொள்ளுங்கள், படுத்தால் மூச்சு அடைத்துவிடும் என்று சொல்லிவிட்டு, வைத்தியருக்கு வழிகாட்டத் தெருவுக்குப் போனாள். என் மனிசன் வாளியைப் பிடித்தபடி நின்றார். "நான்தான்... நான்தான்..." என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உள்ள வாங்கோ. கயித்தைப் பிடியுங்கோ. நான் வயித்தைத் தேய்க்க வேணும்."

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் உண்மை.

"அம்மா! பிளீஸ்!"

படலையை நான் எப்படித் திறந்தேன் என்று நினைவில்லை. கயிறு கைக்கு வந்தது, ஈரமாக இருந்தது. அவனுடைய முகம் என் முகத்துக்கு ஒரு முழத்துக்குள். இவன் ஒரு தரம் தலையை ஆட்டினால் நான் வேலியில் கிடப்பேன், விழுந்தால் எனக்குமேல்தான் விழுவான், எனக்குப் பக்கத்தில் என் பிள்ளை நிற்கிறாள். தெரிந்த தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. "நில்லடா ராசா, நில்லடா, நில்லடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுடைய கண்ணில் வெள்ளை தெரிந்தது. வருடம் முழுக்க அவனைப் பார்த்துப் பயந்த எனக்கு, அவன் தன் வயிற்றுக்குள் நடக்கிறது என்னவென்று தெரியாமல் வெருண்டு நிற்கிறான் என்று அப்போதுதான் விளங்கியது. அதனால் என் பயம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம், இன்னும் கூடியது. அவன் முன்காலை மடித்த ஒவ்வொரு தரமும் நாங்கள் இரண்டு பேரும் கத்திக் கத்தி எழுப்பினோம்.

வைத்தியர் வந்ததும் வாய்க்குள்ளால் நீளக் குழாய் ஒன்றை இறக்கினார். புளித்த சோற்று மணத்தோடு காற்று சீறிக்கொண்டு வந்தது. பிறகு அதே குழாயால் எண்ணெய் ஊற்றினார். வயிறு கொஞ்சம் இறங்கியது. என் மனிசன் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆனால் வைத்தியர் கும்பிடுகிற முகத்தோடு இல்லை. சோறு இன்னும் உள்ளே புளித்துக்கொண்டிருக்கிறது, நஞ்சு இரத்தத்தில் ஏறப் பார்க்கும், ஊசி போட்டால் பெரும்பாலும் தப்புவான் என்றார். ஊசி போட்டால் அந்த மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை இறைச்சிக்கு விற்க முடியாது, ஆகவே அடுத்த சனிக்கிழமை கண்காட்சிக்கும் போக முடியாது. ஊசி போடாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிழைத்தாலும் பிழைப்பான், பிழைக்காமலும் போவான். சொல்லிவிட்டு அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். மாடு அவளுடையது.

ஒரு வருடம். மழை, பனி, சேறு, அந்தக் காற்றூதி, அவளுடைய எல்லாப் பின்னேரங்களும். நான் வாயைத் திறந்தேன், என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. அவள் என்னைப் பார்க்காமலே, "ஊசியைப் போடுங்கோ" என்று அவருக்குத் தமிழில் சொன்னாள். பிறகுதான் நினைவு வந்து ஆங்கிலத்தில் சொன்னாள்.

பொழுதுபடுகிற நேரம் அவன் அசைபோடத் தொடங்கினான். மனிசன் தன் காரைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு எங்களோடு ஏறினார், அவரால் ஓட்ட முடியவில்லை. மில்லிக்கன் வந்ததும் அவர் முன்பக்கம் குனிந்தார்.

"கண்காட்சி போனால் போகட்டும் பிள்ளை," என்றார் பின் சீற்றில் இருந்து. "சீவன் தப்பிட்டுது. இனி அவனை வெட்டமாட்டாங்கள்தானே?"

மகள் கண்ணாடியால் வெளியே பார்த்தாள். "மருந்து போகுமட்டும்தான் அப்பா. அதுக்குப் பிறகு லொறி வரும். அவ்வளவு தீன் தின்னிறவனைச் சும்மா வச்சிருக்க எங்களாலயும் ஏலாது, பண்ணைக்காரியாலயும் ஏலாது."

"அப்ப ஏன் பிள்ளை ஊசி? விட்டிருந்தால் சிலவேளை கண்காட்சிக்கும் போயிருக்கலாமெல்லோ?" அதைக் கேட்டது நான்.

"அவன் பயந்துபோய் நிண்டவன் அம்மா. அப்பிடிப் பயந்துகொண்டு சாக விடேலாது."

சிவப்பு லைட்டில் காரை நிறுத்தினேன். மகள் என் பக்கம் திரும்பினாள். இந்த ஒரு வருடத்தில் சேற்றில் இழுபட்டபோதுகூட அவளிடம் நான் காணாத முகம் அது.

"லொறியில ஏத்துற அண்டைக்கு நான்தான் கயிறு பிடிக்க வேணும். மற்ற ஆக்கள் பிடிச்சால் வெருளுவான். நீங்களும் உள்ளுக்கு வாங்கோ. உங்களுக்குப் பயம் எண்டு தெரியும். எனக்கும் பயம் அம்மா. முதல் நாளில இருந்தே. நீங்கள் ரெண்டு மடங்கு பயந்தபடியால நான் காட்டேல்லை."

"ஓம், வாறன்" என்றேன். பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். லைட் பச்சையாகியிருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெடலை மிதித்தேன்.