கொட்டாங்குச்சி கவுத்தின ஜெனரேட்டர்

எனக்கு வயசு எழுபத்திநாலு. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். மூத்தவன் கோழிப்பண்ணை வச்சிருக்கான்.

பண்ணை ஜெனரேட்டரை நாலு வருசமா யாரும் ஓட்டவில்லை. கரண்டு ஒழுங்கா வந்ததால், "பழைய இரும்புக்குப் போட்டுறலாம்மா"ன்னு சொன்னான். நான் விடவில்லை. டீசலை வடிச்சேன். எலி போகாமல் புகைக்குழாய் வாயில் கொட்டாங்குச்சியைக் கவுத்தினேன். அமாவாசைக்கு அமாவாசை கைப்பிடியைப் போட்டு நாலு சுத்து சுத்தி வச்சேன். "எஞ்சினுக்கும் விரதமா அத்தே?"ன்னு மருமகள் சிரிப்பாள்.

போன சித்திரையில், உச்சிவெயில் நேரம், டிரான்ஸ்பார்மர் வெடிச்சு கோழிக்கொட்டகைக் காத்தாடியெல்லாம் நின்னுபோச்சு. கோழிக வாயைப் பிளந்து இளைச்சுது. மகன் தலையில் கைவச்சு உக்காந்துட்டான். ஓடிவந்த மெக்கானிக், "நாலு வருசமா நின்னது, உள்ளே இறுகியிருக்கும் ஆத்தா. நாளைக்குத்தான் கழட்டிப் பாக்கணும்"ன்னார்.

"முதல்ல சுத்திப் பாரு அப்பு"ன்னேன்.

சுத்தினார். வழுவழுன்னு சுத்துச்சு. கொட்டாங்குச்சியை நானே எடுத்தேன். புது டீசல் ஊத்தி, குழாயில் நின்ன காத்தை வெளியேத்திட்டு, ஓங்கிச் சுத்தினார். கரும்புகையைக் கக்கிட்டு எஞ்சின் எடுத்துக்கிச்சு! காத்தாடி சுத்த, கோழிக தலையைத் தூக்குச்சு. ஒண்ணுகூடச் சாகவில்லை.

"என் பட்டறைக்கு வேலைக்கு வாரீகளா ஆத்தா?"ன்னார்.

"அமாவாசைக்கு லீவு குடுத்தா வாரேன்"னேன்.

என் கையாலேயே எழுதினது, எழுத்து கோணலாத்தான் இருக்கு பேத்தி. ஒருதரம் சத்தமா வாசி, பழைய இரும்புக்குப் போடச் சொன்ன உங்கப்பன் காதுலயும் விழட்டும்.