ஊர் பார்க்கக் கொட்டும் சாம்பார்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபது. அண்ணன் மணிவேல் நடத்துநராக இருந்த பஸ்ஸின் ஓட்டுநர் சுதர்சன்தான் பேசினார். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் அண்ணன் கீழே இறங்கியிருக்கிறார். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தவர் அப்படியே சரிந்துவிட்டார். நான் திருமானூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். காகிதத்திலும் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆனால் உடல் அண்ணன் வீட்டுக்கு, குரும்பலூருக்கு, வருவதற்கு முன்பே வாந்திப் பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. வாந்தி எடுத்துச் செத்தாராம், அப்படி என்ன சாப்பிட்டாராம் என்று பந்தல் கால் ஊன்றும்போதே பேசிக்கொண்டார்கள். என் காதுபடவே பேசினார்கள்.

அண்ணி சம்பூர்ணம் வீட்டில் சமைத்து, பதினோரு பேருக்குக் கேரியரில் சாப்பாடு கொடுக்கிறவள். பெரும்பாலும் வாடகைக்குத் தங்கியிருக்கும் டீச்சர்கள், ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள். அண்ணனின் பென்ஷன் காகிதங்கள் நகரும் வரை அவளுக்கும், திருச்சியில் நர்சிங் படிக்கும் மகள் பிரவீணாவுக்கும் அந்த அடுப்பு ஒன்றுதான். சாப்பாடு கொடுக்கிற வீட்டில் சாப்பாட்டாலேயே ஒருவர் செத்தார் என்றால் அந்த அடுப்பு என்ன ஆகும்? அதைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அண்ணனைப் பற்றி இப்படி ஒரு பேச்சு கிளம்பக் காரணம் உண்டு. அவர் எதையும் வீணாக்க விடமாட்டார். ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், அரியலூர் பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டிக்காரர் தோல் கறுத்த வாழைப்பழத்தைச் சீப்புச் சீப்பாகச் சாக்கடையில் தள்ளுவதைப் பார்த்திருக்கிறார். இரண்டு சீப்பைக் கேட்டு வாங்கி வந்து, கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து பணியாரம் சுட்டார். அதற்கு முன் அவர் அடுப்புப் பக்கம் போனதே இல்லை. "பழம் கெடல முத்தமிழு, அழகுதான் போயிருக்கு" என்று எனக்கு ஒரு தட்டு கொடுத்தார்.

அதன்பிறகு டூட்டி முடிந்து வந்தால் முதல் வேலை பிரிட்ஜைத் திறந்து பார்ப்பது. முளைவிட்ட சின்ன வெங்காயம் இருந்தால் தாளை அரிந்து பொரியல். குழைந்த தக்காளி தொக்காகும். தர்பூசணியின் வெள்ளைப் பகுதியைக் கூட்டாக்குவார். எங்கள் பக்கத்தில் ஆம்பளை பிரிட்ஜைக் கிளறினால் சிரிப்பார்கள். சிரித்தார்கள். பெரியண்ணன் குருமூர்த்தி வீட்டில் அவருக்கு மிச்ச மணி என்றே பெயர். அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போது, "மிச்ச மணி வரான், எலைய மறைச்சுக்குங்கடா" என்று பெரியண்ணனே சொன்னார். அண்ணனும் சேர்ந்து சிரித்துவிட்டு, சாம்பார் வாளியோடு அடுத்த இலைக்குப் போனார்.

மிச்சத்தைச் சாப்பிட்டார் என்கிறவர்களுக்கு அவர் எப்படிச் சாப்பிட்டார் என்பது தெரியாது. ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டித் தேதி எழுதுவார். மூன்றாம் நாள் தாண்டினால் மாட்டுக்கு. கொஞ்சம் நூல் விட்டிருந்தாலும், யார் என்ன சொன்னாலும், குப்பைக்கு. ஒரு முறை நான் ஆசைப்பட்டு எடுத்த கொண்டைக்கடலையைக் கையிலிருந்து பிடுங்கிக் கொட்டினார். கேரியருக்குப் போகும் சாப்பாடு அன்றன்று ஆக்கியதாகத்தான் இருக்க வேண்டும். பழையது எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தேர்ந்தெடுக்கிற வாய்ப்பு இல்லை, நமக்கு இருக்கிறது என்பார்.

கருமாதிக்குப் பெரியண்ணன் முந்நூறு பேருக்குச் சமையல் சொல்லியிருந்தார். நூற்றறுபது பேர்தான் வந்தார்கள். சாப்பிட்டவர்களும் வடையைக் கடித்து வைத்துவிட்டு எழுந்தார்கள். பாதிக்கு மேல் சோறும் இரண்டு அண்டா சாம்பாரும் தொடாமல் இருந்தன. வெங்காய அறுவடைக்கு வந்து காட்டோரம் தங்கியிருந்த குடும்பங்களுக்கு அண்ணி சொல்லி அனுப்பினாள். அவர்களும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, பாத்திரத்தோடு இரண்டு பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள்.

இலை போட வெட்டிய குழியில் சோற்றைத் தள்ளச் சொல்லிக்கொண்டிருந்த பெரியண்ணன் அதைப் பார்த்தார்.

"செத்த வூட்டுச் சோத்த ஊருக்கு அனுப்புவியா? இந்த மிச்சம் புடிக்கிற புத்தி இன்னும் போவலயாம்மா உனக்கு? பழசப் போட்டுப் போட்டே என் தம்பிய அனுப்பிட்ட. போதும்."

பந்தியில் எல்லோருக்கும் கேட்டது. அண்ணியிடம் கேரியர் வாங்கும் பக்கத்து வீட்டு மேகலா டீச்சர் பாயசக் கப்போடு அங்கேதான் நின்றிருந்தார்.

பதில் சொன்னது சுதர்சன் ஒருவர்தான். "அண்ணே, அன்னிக்கு அவரு வூட்டுச் சோறே சாப்புடல. நாலரை மணி டூட்டி. ரெண்டு பேரும் ஒரே கடையில பொங்கல் தின்னோம். நான் இந்தா நிக்கிறேன்ல?"

"அன்னிக்குத் திங்கலன்னா மொத நாளு தின்னுருப்பான்" என்றார் பெரியண்ணன். யாரோ சிரித்தார்கள். நான் ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து வந்து நீட்டினேன். டாக்டர் ஆயிரம் எழுதுவான் என்று சொல்லிக் குழிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் நின்ற பெண்கள் காலிப் பாத்திரத்தோடு போனார்கள். சூடு ஆறாத சாம்பார் எச்சில் இலைகள் மேல் விழுந்து ஆவி பறந்தது.

அந்த வீட்டில் தேதி தாண்டிக் கிடந்தது ஒன்றே ஒன்று. மறுநாள் பீரோவில் துணி ஒதுக்கும்போது பார்த்தேன். ரத்த அழுத்த மாத்திரை, பிரிக்காத நான்கு அட்டை. ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது, உப்பைக் குறைத்தால் போதும் என்று அண்ணனை நிறுத்த வைத்தவர் பெரியண்ணன்தான். நானும் அப்போது அருகில்தான் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. பெரியண்ணனுக்கு அது நினைவில்லாமல் இருக்காது. பழைய சோறு மேல் பழியைப் போடுவது அவருக்கு எவ்வளவு வசதி. பழியோ அதைச் சமைத்தவள் மேல் போய் விழுந்தது.

திங்கட்கிழமை மேகலா டீச்சர் வீட்டு மூன்று கேரியர்களும் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தன. கொஞ்ச நாளைக்கு மெஸ்ஸில் பார்த்துக்கொள்கிறார்களாம். அந்த வாரத்துக்குள் பதினொன்று நான்காகிவிட்டது. ஆறு வருஷம் அவள் கைச்சோற்றைத் தின்று ஒரு நாள் வயிறு வலித்தது என்று சொல்லாதவர்கள். அவர்களில் ஒருவர்கூட அவளிடம் நேராகக் கேட்கவில்லை.

அவர்கள் கேட்காத கேள்விக்கு அண்ணி தானாக ஒரு பதில் கண்டுபிடித்தாள். நான் அதைப் பார்த்தது ஒரு மாதம் கழித்து. சாயங்காலம் ஏழு மணிக்கு, தெருவில் எல்லோரும் வாசலில் இருக்கும் நேரத்தில், மிஞ்சிய சாம்பாரையும் பொரியலையும் பாத்திரத்தோடு எடுத்து வந்தாள். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், சாக்கடையில் கவிழ்த்தாள். மத்தியானம் ஆக்கிய சாம்பார். முருங்கைக்காய்த் துண்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எதிர் வீட்டு அம்மா பார்த்தாள். அண்ணி பாத்திரத்தைத் தட்டி ஓசைப்படுத்தி, உள்ளே வந்தாள்.

பத்து நாள் இப்படிக் கொட்டிய பிறகு மேகலா டீச்சர் திரும்பி வந்திருக்கிறார், மூன்று கேரியர்களோடு. "இப்ப நம்பிக்கையா இருக்குக்கா" என்றாராம். படித்தவர். பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் எடுக்கிறவர். நல்ல சாப்பாட்டைத் தெருவில் கொட்டிக் காட்டினால்தான் அவருக்கு நம்பிக்கை வருகிறது.

இதை ஏன் செய்கிறீர்கள் அண்ணி, மாட்டுக்காவது வைக்கலாமே என்றேன். மாட்டுக்கு வைத்தால் எடுத்து வைத்தது போலத் தெரியும் என்றாள்.

"கொட்டுற ஒவ்வொரு நாளும் உங்கண்ணன் மொகத்துல ஊத்துற மாதிரி இருக்கு. ஆனா கொட்டுனாத்தான் கேரியர் வருது, முத்தமிழு. பிரவீணாவுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கு."

கோபப்பட வேண்டிய இடம் அவளில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். முந்தின நாள் நான்கு பேர் ஊருக்குப் போவதைக் கடைசி நேரத்தில் சொன்னதால் ஒரு குண்டான் சோறு மிஞ்சியிருந்தது. சாம்பாரைக் கொட்டிவிட்டாள். சோற்றைக் கொட்ட மனம் வராமல் இரவே தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறாள். காலையில் அதை வடகத்துக்குப் பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து அரைத்துக்கொண்டு, பழைய வேட்டி ஒன்றோடு மாடிக்குப் போனாள். வீட்டுக்கு மட்டும், ஒருத்தருக்கும் இல்லை என்று போகும்போது என்னிடம் சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

பக்கத்து மாடியில் மேகலா டீச்சர் துணி உலர்த்த வந்திருக்கிறார். என்னக்கா அது, பழைய சோறா என்று விசாரித்திருக்கிறார். இல்லை, புது மாவு என்று சொல்லிவிட்டு அண்ணி இறங்கி வந்துவிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு கேரியருக்கு அரிசி களைய உட்கார்ந்தாள்.

நான் மேலே போய்ப் பார்த்தேன். வேட்டியில் நான்கு வரிசை வடகம் வைத்திருந்தாள். ஐந்தாவது வரிசையில் மூன்று. மீதி மாவு சட்டியிலேயே இருந்தது.