எட்டாம் நாள் படையலில் அண்ணியின் ஜௌ

அண்ணி அஸ்ஸாமின் கொக்ராஜார்ப் பக்கத்தில் ஒரு போடோப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தார். ரொறன்ரோ பேக்கரி ஒன்றில் அண்ணையுடன் வேலை செய்து, அவரையே மணந்து, ஸ்காபரோவில் எங்களுக்கு அண்ணியானார். எங்கள் தமிழையும் மிளகாய்த்தூளையும் பொறுத்துக்கொண்டார். எது கடினம் என்று கடைசிவரை சொல்லவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவை மூன்று வருடம் அவர்தான் பார்த்தார்.

ஆண்டுக்கொருமுறை உடுப்பு அலுமாரிக்குள் சோற்றைப் புளிக்கவைத்து ஜௌ என்னும் அரிசி மதுவை வடிப்பார். அவருடைய ஊரில் அது தெய்வத்துக்கும் விருந்தாளிக்கும் இறந்தவருக்கும் வைப்பது. மணம் பிடித்துக் கேட்டவர்களுக்கு அப்பத்துக்குப் புளிக்கவைத்த மா என்று சொன்னோம், மன்னிக்கவும். நோய் முற்றியபோது என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "எனக்கும் ஜௌ வையுங்கோ தம்பி. கடைச்சாமான் வேண்டாம்."

இறந்த எட்டாம் நாள் செய்யும் எட்டுச்செலவில் அவருக்குப் பிடித்ததைப் படைப்பது நம் வழக்கம். பெரியப்பாவுக்கு விஸ்கி வைத்தபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு வைத்தால் பெரியம்மா என்ன சொல்வார்? அந்தப் பயம் ஒருபுறம். வாசித்தே தலை நரைத்த எனக்குச் சோறு புளிக்கவைக்கத் தெரியாது என்பது மறுபுறம்.

அண்ணி விட்டுப்போன நொதி வில்லைகள் இரண்டே இரண்டு. சாவுத் தீட்டுள்ள துடக்கு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. ஆகவே காகத்துக்கு என்று சொல்லி, பெரியம்மாவிடம் ஒரு பானைச் சோறு கேட்டேன். வந்ததும் பதற்றத்தில் சூட்டோடு ஒரு வில்லையைப் பொடித்துக் கலந்தேன். மூன்று நாளில் சோறு ஊசிப்போனது. சூடு நொதியைக் கொன்றுவிட்டதென்று அண்ணியின் தங்கை ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்னார்.

எட்டுக்கு இன்னும் நான்கு நாள். மிச்சம் ஒரு வில்லை. மறுபடியும் சோறு கேட்டேன்.

"ஸ்காபரோவில உவ்வளவு தின்னுற காகம் எங்கையடா இருக்கு?" என்றார் பெரியம்மா. ஆனாலும் கொண்டுவந்தார்.

இம்முறை நன்றாக ஆறவிட்டுக் கலந்து, பானையைக் கம்பளியால் சுற்றி ஹீற்றருக்கு அருகே வைத்தேன். அண்ணை பிரசவ அறை வாசலில் நிற்பவர்போல அங்கும் இங்கும் நடந்தார். ஏழாம் நாளும் மணமில்லை. எட்டாம் நாள் காலை மூடியைத் திறந்தேன். இனிப்பும் புளிப்புமாய் ஒரு வாசம் முகத்தில் அடித்தது. அண்ணை கதிரையில் உட்கார்ந்து அழுதார்.

வடித்ததைச் சின்னக் கிண்ணமொன்றில் ஊற்றி, படையலில் வாழைப்பழச் சீப்புக்குப் பின்னால் ஒளித்தேன். பெரியம்மா குனிந்து முகர்ந்தார். நான் ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருக்க, அண்ணை முந்திக்கொண்டார்.

"அது அவவின்ர ஜௌ, பெரியம்மா. நாங்கள் வடிச்சது."

பெரியம்மா என்னைத்தான் பார்த்தார். "உந்தக் கிண்ணம் அவவுக்குக் காணாதடா. செம்பில வை."

செம்பில் வைத்தோம்.

வீடு தேடிவந்து பராமரித்த தாதிமாருக்கும், சோறு கறி சுமந்துவந்த உறவுகளுக்கும், தொலைபேசியில் பொறுமை காத்த அண்ணியின் தங்கைக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. படையல் எடுத்தபின் அந்தச் செம்பை யார் வெறுமையாக்கினார் என்று மட்டும் எழுதவில்லை. பெரியம்மாவும் அண்ணியின் இந்த நினைவு மலரை வாசிப்பார்.