பளபளக்கும் தகடுகள்

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அடியால் மழைநீர்ச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தோம். அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவரை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கறை படாத வெள்ளை ஹெல்மெட், மடிப்புக் குலையாத சட்டை, கையில் எப்போதும் முகம் துடைக்கிற ஒரு லேஞ்சி. சுரங்க வாசலில் ஒரு பலகை இருந்தது. உள்ளே இறங்குகிறவன் தன் பெயர்த் தகட்டை அதில் மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் கழற்ற வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அறிய அது ஒன்றுதான் வழி. இந்த மனுஷனோ காலையிலேயே எல்லாத் தகடுகளையும் லேஞ்சியால் துடைத்துத் தானே மாட்டிவிடுவார். எங்கள் முகங்களை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

ஒருநாள் உள்ளே மோட்டர் எரிந்து புகை மண்டியது. இறங்கியிருந்தவர்கள் எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். நான் அப்போது கன்டீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களுக்குள் என்னைக் காணாமல், பலகையில் என் தகடு தொங்குவதைப் பார்த்த எங்கள் வெல்டர் ஒருவர், என்னைத் தேடித் திரும்பவும் புகைக்குள் போனார். மயங்கிக் கிடந்தவரைத்தான் தூக்கிவந்தார்கள்.

"நான் இண்டைக்கு இறங்கவே இல்லை. என்ர தகட்டை ஏன் மாட்டினனீங்கள்?" என்று அதிகாரியிடம் கத்தினேன்.

"வெறும் கொக்கியைக் கண்டால், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாறவை ஒழுங்கில்லை எண்டு எழுதுவினம், தம்பி" என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

மறுநாள் காலையில் வெல்டர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். சுரங்க வாசலில் அவருடைய தகடும் துடைத்து, நேராக மாட்டப்பட்டிருந்தது.