பதினாலாம் கட்டிலின் ரத்தம்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இதில் ஒரு எழுத்துகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்களை அன்றைக்கே ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன். பேய் நள்ளிரவில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்... இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு, சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. நோயாளிகளின் முகம் எங்களுக்குத் தெரியாது. ரத்தக் குழாய்களும் எண்களும்தான் தெரியும். அங்கே என் பட்டப்பெயர் ‘கறார் அக்கா’. ரத்த மாதிரியில் துளி சந்தேகம் வந்தாலும் ‘கெட்டது, மறுபடி அனுப்பவும்’ என்று எழுதி ஓரமாக வைத்துவிடுவேன். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆய்வகம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஞாயிறு மதியம் ஒரே ஒரு ஆள்தான் டூட்டி. வார்டுகளிலிருந்து ரத்தம் சுவருக்குள் ஓடும் காற்றுக் குழாய் வழியாக வரும். மேலே ஒரு டப்பாவில் வைத்து அனுப்புவார்கள். ‘ஸ்ஸ்ஸ்...’ என்று ஒரு சத்தம், பிறகு கூடையில் ‘டொப்’ என்று விழும்.

அன்று மதியம் 1:40. ஸ்ஸ்ஸ்... டொப்.

டப்பாவைத் திறந்தேன். ஒரு ரத்தக் குழாய். லேபிளில் ஏழாம் வார்டு, கட்டில் 14. பெயர் இல்லை. எங்கள் லேபிள்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் அச்சடித்து வரும், இது பேனாவால் எழுதியிருந்தது. எடுத்த நேரம் 1:52 என்று போட்டிருந்தார்கள். இன்னும் பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தானே அந்த நேரம் வரும்? ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் குழாய் கையில் சூடாக இருந்தது. உடம்பிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி.

சுழற்றி, மெஷினில் வைத்தேன். 1:49க்கு எண் வந்தது. பொட்டாசியம் 7.6.

ஐந்தைத் தாண்டினாலே யோசிப்போம். ஆறரைக்கு மேல் போனால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். உடனே வார்டுக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் இந்த எண் பொய்யும் சொல்லும். எடுக்கும்போது ரத்த அணுக்கள் உடைந்துபோனால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, ஏற்றிக் காட்டும். அப்படியானால் மேலே தெளிந்து நிற்கும் நீர் சிவந்திருக்கும். இது சிவக்கவில்லை. பளிச்சென்று இளமஞ்சளாக இருந்தது.

வார்டுக்கு போன் செய்தேன். டூட்டி நர்ஸ் எடுத்தாள்.

“பதினாலா? நாங்க எதுவும் அனுப்பலையே அக்கா.”

“உன் வார்டு பேர் போட்டுத்தான் வந்திருக்கு.”

“அவர் தையல்காரர். ஜம்முனு தூங்கறார். நாளைக்கு வீட்டுக்குப் போறவர்.”

யாரோ லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார்கள். வழக்கம்போல ‘மறுபடி அனுப்பவும்’ என்று எழுதி ஓரமாக வைத்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

2:04. ஸ்ஸ்ஸ்... டொப்.

அதே கையெழுத்து. அதே கட்டில். அதே 1:52. குழாய் முன்னதைவிடச் சூடு. பொட்டாசியம் 8.1.

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

2:12. போன் அடித்தது.

“சொல்லிட்டீங்களா?” ஒரு பெண் குரல். மூச்சு வாங்கியது.

“யார் பேசறது?”

“சொல்லிட்டீங்களாம்மா?”

வார்டிலிருந்து பேசினால் பின்னால் ஆயிரம் சத்தம் கேட்கும். இதில் ஒன்றுமே கேட்கவில்லை. போனின் சின்னத் திரையில் அழைத்த எண் தெரியும். பார்த்தேன்.

என் மேசை போனின் எண்ணேதான்.

ரிசீவரை வைத்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்... மணி 2:17.

ஸ்ஸ்ஸ்... டொப்.

இந்த முறை டப்பாவுக்குள் ரத்தம் இல்லை. லேபிள் மட்டும்தான்.

கட்டில் 14. நேரம் 2:50.

ஓடினேன்.

லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. 2:23க்கு ஏழாம் வார்டு. பதினாலாம் கட்டிலில் தையல்காரர் கண் திறந்து படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

“காலையிலேருந்து காலு ரெண்டும் கட்டையா கனக்குதுங்கறார்,” என்றாள் அந்த அம்மா. “படுத்தே கெடந்தா அப்படித்தான்னு சொல்லிட்டாங்க.”

பொட்டாசியம் ஏறினால் தசை அப்படித்தான் சோர்ந்துபோகும்.

“ஈசிஜி எடு,” என்றேன் நர்ஸிடம்.

“டாக்டர் சொல்லாம எப்படிக்கா...”

“எடுடி! திட்டு விழுந்தா நான் வாங்கிக்கறேன்.”

தாள் ஓடியது. இதயத் துடிப்பின் அலைகள் கூடாரம் கூடாரமாக எழுந்து நின்றன, பொட்டாசியம் ஏறினால் வரும் அதே வடிவம். நர்ஸின் முகம் வெளுத்தது. டாக்டர் ஓடி வந்தார். ரத்தம் எடுத்து வார்டிலேயே இருக்கும் சின்ன மெஷினில் வைத்தார்கள்.

7.6.

2:41க்கு முதல் ஊசி போட்டார்கள். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

2:48... 2:49... 2:50...

தையல்காரர் இருமினார். தண்ணீர் கேட்டார். நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கீழே வந்து பார்த்தால் இரண்டாவது குழாயும் இல்லை, கடைசியில் வந்த லேபிளும் இல்லை. முதலில் வந்த குழாய் மட்டும் ஓரத்தில் நின்றது. மெஷினில் அன்று மதியம் பதினாலாம் கட்டிலுக்கு ஒரு பதிவுகூடக் கிடையாது.

மறுநாள் எங்கள் ஆய்வகத்தின் மூத்தவர், கண்ணாடி சார் என்போம், பழைய பதிவுகளைத் தேடினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

ஐந்து ஞாயிறுகளுக்கு முன்பு. ஏழாம் வார்டு, கட்டில் 14. ஒரு பெண். ரத்தம் எடுத்த நேரம் 1:52. பொட்டாசியம் 7.6. கீழே ஒரு குறிப்பு: ‘மாதிரி கெட்டது. மறுபடி அனுப்பவும்.’ வார்டுக்கு போன் செய்ததாகப் பதிவு இல்லை. இரண்டாவது மாதிரி வரவே இல்லை.

“2:50க்கு அந்தம்மா போயிட்டாங்க,” என்றார். குரல் இறங்கியது. “அணு உடைஞ்சிருக்கான்னு மெஷினும் பார்த்திருக்கு. உடையலம்மா. மாதிரி நல்லாத்தான் இருந்திருக்கு.”

குறிப்புக்குக் கீழே இருந்த பெயர் என்னுடையது.

சத்தியமாக எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. ஒரு குழாயை ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். எத்தனையோ முறை செய்ததுதான். அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. குரல் மட்டும் தெரியும்.

இப்போது என்னை யாரும் கறார் அக்கா என்று கூப்பிடுவதில்லை. சந்தேகமான எண் வந்தால் முதலில் போனைத்தான் எடுக்கிறேன்.

அந்த முதல் குழாயைத் தூக்கிப் போட எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை. நாலு டிகிரி குளிரில், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. வைத்து ஏழு மாதமாகிறது. இன்று காலையும் தொட்டுப் பார்த்தேன்...

சூடு ஆறவில்லை.