மலையில் கூப்பிட்ட பெயர்

காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது மலை அல்ல. அடிவாரத்துக் குருண் ஊர்ப் பக்கம் சாலையின் இரு ஓரத்திலும் நிறுத்தியிருந்த கார்கள். பொது விடுமுறை. ஜெராய் மலை ஏற வந்தவர்கள் பாதை தொடங்கும் இடத்திலேயே வரிசை பிடித்து நின்றார்கள்.

அக்காவும் நானும் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். தினமும் பார்த்த மலையில் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் ஏறினோம். அக்காவுக்கு இளைப்பு உண்டு. கால்சட்டையில் பாக்கெட் இல்லையென்று, மூச்சுக்கு அடிக்கும் பம்ப்பை என் பையில் போட்டிருந்தாள். கைப்பேசியைக் காரிலேயே விட்டுவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் கயிறு பிடித்து ஏறும் இடம் வந்தது. ஷூ நாடாவைக் கட்டிவிட்டு நிமிர்ந்தேன். அக்கா முன்னால் போய்விட்டாள். நடுவில் ஐம்பது பேராவது இருப்பார்கள். பாதையோ ஓராள் அகலம்.

தோட்டத்தில் விறகுக்குக் காட்டுக்குள் போனால் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். காட்டில் இருப்பது பெயரைக் கேட்டால் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும் என்பார் அப்பா. அவர் "ஓய்" என்பதோடு சரி. அது கோபத்துக்கா, சாப்பாட்டுக்கா என்று குரலை வைத்தே அக்கா சொல்லிவிடுவாள். தலையில் விறகும் கழுத்தில் எறும்புமாகச் சிரித்துக்கொண்டே வருவோம்.

"அக்கா" என்று கத்தினேன். ஏழெட்டுப் பெண்கள் திரும்பினார்கள்.

"எந்த அக்கா வேணும் அண்ணே? இங்க நெறைய இருக்கோம் லா," என்றாள் ஒருத்தி. வரிசை சிரித்தது.

"அவங்களுக்கு இளைப்பு. பம்ப் எங்கிட்ட இருக்கு."

சிரிப்பு நின்றது. "அப்ப பேரச் சொல்லிக் கூப்பிடுங்கண்ணே."

பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். பிறகு அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முன்னால் நின்றவர்கள் அதை வாங்கி மேலே அனுப்பினார்கள். மலாய்க்காரர், சீனர் என்று வாய்க்கு வாய் அந்தப் பெயர் ஏறிப்போனது.

"இங்க உக்காந்திருக்காங்க!" என்று மேலிருந்து குரல் வந்தது. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

அக்கா பாறையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பேச மூச்சில்லை. பம்ப்பை இரண்டு முறை அடித்து இழுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரல் வந்தது.

"காட்டுல பேரச் சொல்லுவியாடா?"

"அம்பது பேரு சொன்னாங்க. அது யாரு பின்னால போவும்?"

சிரிக்கப் போய் இருமினாள். அங்கிருந்தே இறங்கினோம். உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேர நடை இருந்தது.