சித்தப்பாவின் எச்சிலும் எங்கள் தளபதியும்

எங்கள் வம்சத்தைத் தொடங்கிவைத்தவர் ஒரு படைத்தளபதி என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். வடக்கே ஏதோ மலைக்கு அப்பாலிருந்து குதிரையில் வந்தவராம். ஓசூரில் எங்கள் சாதிச் சங்கத்துக்குச் சித்தப்பாதான் செயலாளர். அதனால் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் குதிரையையும் கூட்டிக்கொண்டு வருவார். அப்பா இருந்தவரை சிரித்துக்கொண்டே கேட்பார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா பிறந்தது சிங்காரப்பேட்டையில், கடலைக்காடு வைத்திருந்த வீட்டில். சித்தப்பாவின் கணக்கில் அது ‘சாதாரண வம்சம்’.

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் அண்ணன், போன வருடம் எச்சில் சோதனைப் பெட்டிகள் சில வாங்கி வந்தான். குழாயில் துப்பி அனுப்பினால் நம் பூர்வீகம் எது என்று செல்போனுக்கே சொல்லிவிடுவார்களாம். அவனும் நானும் துப்பினோம்.

அண்ணனுடைய முடிவு முதலில் வந்தது. பெரும்பகுதி தென்னிந்தியா. ஓரமாக ஒரு துளி மத்திய ஆசியா.

“பாத்தியா! நான் என்னா சொன்னேன்?” என்று சித்தப்பா சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். அன்றே சங்கக் கூட்டத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்கச் சொல்லிவிட்டார். ஆசியா வரைபடம், அதில் ஓசூரை நோக்கி ஒரு சிவப்பு அம்பு, பக்கத்தில் கைகூப்பியபடி சித்தப்பா.

பிறகு என்னுடையது வந்தது. முழுக்கத் தென்னிந்தியா. மத்திய ஆசியா மருந்துக்குக்கூட இல்லை.

சித்தப்பா அசரவில்லை. “பொம்பளப் புள்ளைக்கு அதெல்லாம் எறங்காதும்மா. ஆம்பள வழியா வர்றது அது.”

“ஏன், இவளுக்கு மட்டும் வேற அப்பனா?” என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டார். கேட்ட தொனியில் சித்தப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அண்ணன் குறுக்கே புகுந்தான். “அதெல்லாம் ஒண்ணுமில்ல சித்தப்பா. எங்க கேண்டீன்ல ஒரே அண்டா பிரியாணிதான். எனக்குப் போட்ட கரண்டில முட்டை வரும், பக்கத்து ஆளுக்கு வராது. அம்மாகிட்ட பாதி, அப்பாகிட்ட பாதி வருது. ஆனா ரெண்டு புள்ளைங்களுக்கும் அதே பாதி வராது.” நானும் அவனும் உடன்பிறந்தவர்கள் என்று அறிக்கையிலேயே தெளிவாகப் போட்டிருந்ததைக் காட்டினான்.

“இதக் கண்டுபிடிக்க எச்சி வேணுமா? என்னைக் கேட்டா சொல்லியிருப்பேன்” என்றார் அம்மா.

சித்தப்பா பிரியாணியைப் பிடித்துக்கொண்டார். “அண்டாவே எங்க பக்கம்தானே இருக்கு? குடு, நான் துப்பறேன்.”

துப்பினார். அவருக்கும் மத்திய ஆசியா இல்லை.

“அப்போ தம்பி, தளபதி எங்க கடலைக்காட்டுலதான் குதிரையக் கட்டியிருக்காரு” என்றார் அம்மா. முப்பது வருடக் கோபம் அப்படி இனித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அப்பாவுக்கு வந்தது அவர் தம்பிக்கு வராமலும் போயிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவோடு சேர்ந்து சிரித்தேன்.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. சோதனைக் கம்பெனி தன் கணக்கைத் திருத்தியது. அண்ணனிடமிருந்த மத்திய ஆசியாவும் மறைந்துபோனது. தங்களிடம் ஏற்கெனவே உள்ளவர்களோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறோம், சிறிய அளவுகள் வெறும் உத்தேசம், ஆட்கள் சேரச் சேர மாறும் என்று கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குள் பேருந்து நிலையத்துக்கு எதிரே சிவப்பு அம்பு ஏறியிருந்தது.

மாறாமல் இருந்தது ஒன்றுதான், உறவினர் பட்டியல். சித்தப்பாவின் பட்டியலில் அண்ணனும் நானும் இருந்தோம். எங்களுக்கு அடுத்து, ‘நெருங்கிய உறவு’ என்று ராமநகரத்துப் பெண் ஒருத்தி. பெயரின் பின்னொட்டிலேயே சாதி தெரிந்தது. அந்தச் சாதிக்காரர் வீட்டில் சித்தப்பா தண்ணீர் குடிக்கமாட்டார்.

“இது தப்பு. மெஷின் கோளாறு” என்றார்.

“ஊரு பேரு சொல்றதுதான் சித்தப்பா உத்தேசம். இவ்வளவு கிட்டத்து உறவுன்னா தப்பாது” என்றான் அண்ணன்.

“அழிக்க முடியுமா?”

“மறைக்கலாம். அழிக்க முடியாது.”

அப்பாவைப் பெற்ற தாத்தா பட்டுக்கூடு விற்க ராமநகரம் சந்தைக்குப் போவார், சில சமயம் வாரக்கணக்கில் தங்குவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பா மறைக்கும் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்தப் பெண் என் பட்டியலிலும் இருந்தாள். அவளே கன்னடத்தில் செய்தி அனுப்பினாள்: என் அப்பாவுக்குத் தன் அப்பா யாரென்று கடைசிவரை தெரியாது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா? அதை அம்மாவிடம் தமிழில் படித்துக்காட்டினேன்.

“ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு” என்றார் அம்மா.

வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். சுவரிலிருந்த தாத்தா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு அவர் காதைத் தொட்டுப் பார்த்து, தன் கூந்தலை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். நாங்கள் சிரித்தோம், அவள் அழுதாள். அம்மா அவளுக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றினார்.

சித்தப்பாவுக்கும் சொல்லியனுப்பியிருந்தோம். அன்றைக்கு அவருக்கு அவசரமாக ஒரு சங்கக் கூட்டம் வந்துவிட்டது.